கடல் பக்கத்துக் கொடி

அத்தியாயம் பதினான்கு

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று.

சூசைத்துறைப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற மரியதாசன், செசிலி இவர்களின் மகள் அபினாவுக்கும், நெய்யூர் பக்கத்து எபிசனுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் பூசை முடிவில் மூக்கால் வாசித்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இப்படி ஓலை வாசிக்க வேண்டும். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் நின்ற செசிலி, கோயில் முழுவதையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒரு தடைகூடவா இல்லை இந்த ஊரில்? மற்ற நாட்களில் அடுத்த வீட்டு மீன்சட்டியில் எத்தனை துண்டு கிடக்கிறது என்று சொல்லத் தெரிந்த சனம், தேவைப்படும் நேரத்தில் வாயில் கொழுக்கட்டையோடு நிற்கிறது.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு செசிலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சூசைத்துறை, இனயத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கடற்கரை ஊர். செசிலி அங்கே பங்கின் அன்பியக் குழுவுக்குத் தலைவி. புருஷன் பஹ்ரைனில் உழைத்துக் கட்டிய மாடி வீடு. புருஷன் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் அபினா, திருவனந்தபுரத்தில் நர்ஸ். செசிலிக்கு யாரையும் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. செத்துப்போனவர்களில் சிலரைப் பிடிக்கும்.

மருமகனாக ஒரு கப்பல் என்ஜினியரை அவள் மனதுக்குள் ஏற்கெனவே குடிவைத்திருந்தாள். அபினா கொண்டுவந்து நிறுத்தியது எபிசனை. பின்னந்தலையில் சின்னக் குடுமி, முதுகில் ஒரு பை, கம்ப்யூட்டர் விளையாட்டுத் தயாரிக்கும் வேலை. செசிலி முடியாது என்று கதவைச் சாத்தினாள். அப்போது வாய் திறந்தது, யாரும் எதிர்பாராத விதமாக, அவள் கொழுந்தன் ராஜமணி. வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள். "பிள்ளைக்கு இஷ்டம்ணா நடக்கட்டும் மைனி" என்றான். தகப்பன் இல்லாத பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போக வேண்டியவன் அவன்தான். அவன் சொல்லுக்குமேல் செசிலியால் போக முடியவில்லை. ஓலை கொடுத்தார்கள்.

ராஜமணியின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன் வலைத் தகராறில் பக்கத்து ஊரோடு அடிதடி நடந்து வள்ளங்கள் எரிந்தன. போலீஸ் தேடியவர்களில் ராஜமணியும் ஒருவன். பகலில் வலைக்கூடத்திலும் ஐஸ் ஷெட்டிலும் மாறி மாறிப் பதுங்கியவன், ஒருநாள் கோயில் மணிமேடையில் ஏறினான். ஏறிய அரைமணி நேரத்தில் பிடிபட்டான். போலீஸ் அடித்த அடியில் வலது கால் விளங்காமல் போயிற்று. அதோடு கடலும் போயிற்று. இப்போது வலை பின்னிக் கொடுக்கிறான்.

அன்றைக்கு அவன் மணிமேடையில் இருப்பது தெரிந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி, அவனுக்குச் சோறு கொண்டுபோன கிரேசி. ராஜமணிக்கும் கிரேசிக்கும் இரண்டு ஓலை வாசித்து முடிந்திருந்த சமயம் அது. ஊர் கிரேசியைக் காட்டிக்கொடுத்தவள் என்றது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அவளும் கட்டவில்லை, அவனும் கட்டவில்லை. இன்றும் செசிலி வீட்டுக்கு எதிர்ச் சாரியில் நாலாவது வீட்டில் உட்கார்ந்து கிரேசி பிளவுஸ் தைக்கிறாள்.

இன்னொருத்தி செசிலி. காட்டிக்கொடுத்ததும் அவள்தான். நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. மரியதாசனின் பஹ்ரைன் விசா வந்திருந்த நேரம். வீட்டின்பேரில் கேஸ் வந்தால் பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவோம், தம்பியைக் காட்டினால் அண்ணனை விட்டுவிடுவோம் என்றது போலீஸ். செசிலி காட்டினாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை அவள் சொன்னதில்லை. பாவம் என்று நினைத்தால் அல்லவா சொல்வதற்கு.

அவள் மனதில் இன்று ஓடிய கணக்கு வேறு. மூன்றாவது ஓலைக்கு ஏழு நாள் இருக்கிறது. நிறுத்த ஒரே ஆளால் முடியும், அது ராஜமணி. அவனுக்கு எபிசனைப் பார்த்து இளப்பம் வர வேண்டும். அதற்கு எபிசனே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டால் வேலை சுலபம். ஆகவேதான் பூசை முடிந்து வெளியே வந்ததும் செசிலி வாயெல்லாம் பல்லாக, மாப்பிள்ளை இன்றைக்கு நம் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றாள். வரும்போது அந்த விளையாட்டையும் கையோடு எடுத்துவரச் சொன்னாள். சித்தப்பனும் பார்க்கட்டுமே.

அபினா அம்மாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

நெய்மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தாள் செசிலி. எபிசன் மீன் முள்ளைப் பிரித்த அழகைப் பார்க்கச் சகிக்கவில்லை. நெய்மீனுக்கே இந்தப் பாடு என்றால், முள் மிகுந்த சாளையைக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ராஜமணி தலை குனிந்து சாப்பிட்டான். எதிர்ச் சாரியில் இருந்து தையல் மிஷின் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறாள். கடவுள் பயம் இல்லாத பிறவி என்று செசிலி கறியை ஊற்றியபடியே சொன்னாள். ராஜமணி கையைக் கழுவ எழுந்துவிட்டான்.

சாப்பாடு முடிந்து எபிசன் தன் லேப்டாப்பை டிவியோடு இணைத்தான். செசிலி சோபாவின் நடுவில் அமர்ந்தாள். அபினா தரையில். ராஜமணி வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மடியில் பாதி பின்னிய வலைத்துண்டு. எங்கே போனாலும் அது கூடவே வரும்.

டிவியில் ஒரு கடற்கரை ஊர் வந்தது. மேலே 'உப்புக்காற்று' என்று எழுத்து.

எபிசன் உற்சாகமாக விளக்கினான். ஒரு தீவு நாடு. யுத்தம். அந்நியப் படை வந்து பிடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் ஆறு பேர் ரகசியமாக எதிர்த்து நிற்கிறார்கள். அந்த ஆறு பேரையும் நடத்துவது விளையாடுகிறவர். தரை முழுவதும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு தரத்துக்கு ஒரு ஆளுக்கு இரண்டு வேலைதான். நகரலாம், பதுங்கலாம், சுடலாம், சேதி சொல்லலாம். நம் ஆறு பேரும் முடித்ததும் எதிரி நகர்வான்.

"செத்தா மறுபடி எழும்பி வருவானா?" என்று கேட்டாள் செசிலி.

"வரமாட்டான் மாமி. போனா போனதுதான். அதுதான் இந்த கேமுக்க கஷ்டமே. நிறைய பேரு பாதியில விட்டுட்டு ஓடிடுவாங்க."

"விளையாட்டுண்ணா சந்தோசத்துக்குல்லா. அழ வைக்கதுக்கும் ஆளுவ பைசா குடுக்குதாவளா? கொள்ளாம் மாப்பிள. நல்ல தொழிலு."

எபிசன் சிரித்தான். அது பாராட்டு இல்லை என்பதுகூட அவனுக்கு விளங்கவில்லை. செசிலி ஓரக்கண்ணால் ராஜமணியைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தில் ஒன்றும் இல்லை.

அபினா விளையாடினாள். முதல் சுற்றிலேயே மீன்காரன் ஒருவனை மதில் ஓரம் நிறுத்தினாள், எதிரி சிப்பாய் வந்து அவனைச் சுட்டுவிட்டுப் போனான். அடுத்த சுற்றில் பள்ளிக்கூட வாத்தியார் காலி. செசிலிக்குப் பொறுக்கவில்லை. விளையாட்டு மட்டமானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் வயிற்றில் பிறந்தது இப்படியா அசட்டுத்தனமாகத் தோற்பது? அந்த மதில் மேற்கே பார்த்தது, சன்னல் வடக்கே பார்த்தது, அங்கே ஆளை நிறுத்தினால் சுடாமல் முத்தமா கொடுப்பான் என்று சத்தம்போட்டாள்.

"ஆட்டத்த மொதல்ல இருந்து தொடங்குட்டி. நான் சொல்லுத மாதிரி செய்யி."

அபினா மறுபேச்சு பேசாமல் முதலில் இருந்து தொடங்கினாள்.

இங்கே செசிலியின் பெருமையைச் சொல்லத்தான் வேண்டும். எந்தச் சன்னலில் நின்றால் எந்த வீட்டு அடுக்களை தெரியும், யார் எத்தனை மணிக்கு எந்த முடுக்கு வழியாகப் போவார்கள் என்பதை இருபத்தெட்டு வருடமாக ஆராய்ந்து வந்தவள் அவள். அவளுக்கு இந்தக் கட்டமெல்லாம் ஒரு பொருட்டா? மீன்காரனை வள்ளத்துக்குப் பின்னால் குனிய வைத்தாள். வாத்தியாரைக் கிணற்றடிக்கு அனுப்பினாள். சிப்பாய் வந்து, ஒருவரையும் காணாமல், திரும்பிப் போனான். மூன்று சுற்று முடிந்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

எபிசன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இந்த இடத்துக்கு ஆறு பேரோடு வந்து சேர அவர்கள் ஆபீசிலேயே ஆள் கிடையாது என்றான்.

"ஒங்க ஆபீசுல அடுக்களயில சோறு வச்சவ ஒருத்தியும் இருக்கமாட்டா" என்றாள் செசிலி. அவமானப்படுத்த உட்கார்ந்தவள், தன்னை அறியாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கட்டம் வந்தது. ஆறு பேரில் ஒருவனை எதிரிகள் தேடுகிறார்கள். அவன் கலங்கரை விளக்கத்தின் மேல் ஒளிந்திருக்கிறான். நான்கு சுற்று அவனைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஊருக்குள் ஒருவர் எதிரிக்குத் தகவல் கொடுக்கிறார். யார் என்று கண்டுபிடித்துத் தடுக்காவிட்டால் படகில் காத்திருக்கும் படை நேராகக் கலங்கரை விளக்கத்துக்கு வந்துவிடும்.

டிவியில் ஒரு பெண் கூடையோடு கலங்கரை விளக்கத்தின் படி ஏறினாள்.

"இவ ரொட்டிக்காரி. அவனுக்குத் தின்ன கொண்டு போறா" என்றான் எபிசன். "பத்துப் பேரு விளையாடினா ஒம்பது பேரு இவளத்தான் சந்தேகப்பட்டு ஊர விட்டுத் தொரத்துவாங்க. தொரத்தின பிறகும் படை வந்திரும். ஆளு செத்துருவான். ஏழு மாசமா இந்தக் கட்டத்த ஒருத்தர்கூட சேதமில்லாம முடிச்சது இல்ல மாமி."

ஒன்பது பேர் மடையர்கள் என்று கேட்டதும் செசிலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உலகம் முழுவதும் உட்கார்ந்து விளையாடுகிற அத்தனை குடுமிக்காரர்களையும் ஒன்றாக நிறுத்தி வைத்து நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. அவர்கள் இல்லாததால் இருந்தவனிடம் கேட்டாள்.

"மண்டைக்குள்ள என்னதான் வச்சிருக்காவ? சோறு கொண்டு போறவ காட்டிக் குடுப்பாளா? ஆளு பிடிபட்டா ஊரு மொதல்ல அவளத்தானே சொல்லும். அது அவளுக்குத் தெரியாதா? காட்டிக் குடுக்குதவ கூடையும் தூக்கிட்டு நாலு பேரு பாக்க படி ஏறமாட்டா. வீட்டுக்குள்ள இருப்பா."

வாசல் பக்கம் வலைத்துண்டு அசைவது நின்றது.

 என்ன சொன்னோம் என்று செசிலிக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் இருந்தாள். பார்த்தால்தான் வம்பு. விளையாட்டைப் பற்றித்தானே சொன்னோம்? ராஜமணி என்ன, அவ்வளவு யோசிக்கிற ஆளா? யோசிக்கிற ஆளாக இருந்தால் பதினெட்டு வருடம் இவள் வைத்த கறியை ஞாயிறு தவறாமல் வந்து சாப்பிட்டிருப்பானா?

இந்த இளப்பம்தான் அவளைக் காப்பாற்றியது. இந்த இளப்பம்தான் அடுத்த நிமிடம் கவிழ்க்கவும் செய்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் எபிசன், அப்படியானால் யார் மாமி, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்றான். கண்டுபிடிக்க முடியாது என்கிற சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. மீன் முள் பிரிக்கத் தெரியாத பயல் தன்னைப் பார்த்துச் சிரிப்பதா?

ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். அபினா காட்டினாள். பேக்கரி, கிணறு, கோயில், வலை காய்கிற மணல், வரிசையாக வீடுகள். எல்லா வீட்டின் ரோட்டுப் பக்கமும் கொடி கட்டித் துணி கிடந்தது. ஒரு வீட்டில் மட்டும் பின்னால், கடலைப் பார்த்த முற்றத்தில், ஒற்றைக் கொடியில் ஒற்றைத் துணி.

"நிறுத்து நிறுத்து" என்றாள் செசிலி. "மாப்பிள, நீங்க மேட்டுக்காரரு, ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா கடக்கரைய வச்சு விளையாட்டு செய்யுதவரு ஒரு கடக்கரைக்காரிகிட்ட கேட்டுட்டுச் செய்யணும். எந்த வீட்டுக்காரியாவது கடலப் பாத்து துணி காயப்போடுவாளா? உப்புக்காத்து அடிச்சா பசபசண்ணு ஒட்டும். உடுக்க முடியாது. ரோட்டுப் பக்கம்தான் போடுவோம். அந்தத் துணி தப்பு."

எபிசன் எழுந்து நின்றுவிட்டான்.

"மாமி, அந்தத் துணியத் தொடச் சொல்லுங்க."

அபினா அம்பை நகர்த்தி அந்தத் துணியின்மேல் வைத்து அழுத்தினாள். டிவியில் மணிச்சத்தம். 'அடையாளம் கண்டீர்கள்' என்று எழுத்து வந்தது. எபிசன் கைதட்டினான். அது தப்பு இல்லை, அதுதான் படகுக்குக் கொடுக்கிற அடையாளம், ஆள் கலங்கரை விளக்கத்தில் ஏறியதும் அந்த வீட்டுக்காரி துணியைக் கொடியில் போடுவாள், இத்தனை பேர் பார்த்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை, உப்புக்காற்று என்று விளையாட்டின் பெயரிலேயே விடை இருக்கிறது என்று மூச்சுவிடாமல் பேசினான். உலகத்திலேயே முதல் ஆள் நீங்கள்தான் மாமி என்றான்.

செசிலி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும் காட்டுகிற ஒரு காட்சி டிவியில் ஓடத் தொடங்கியிருந்தது.

கொடியும் துணியும் பெரிதாகத் தெரிந்தன. நீலக் கட்டம் போட்ட துணி. பத்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, துணி கெட்டுப்போகுமே என்று அதை உருவி எடுக்கிறாள். பின்னாலேயே அவள் அம்மா வருகிறாள். பெண்ணின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. துணியைப் பிடுங்கி மறுபடியும் கொடியில் விரிக்கிறாள். பெண் முற்றத்தில் நின்று அழுகிறாள். தூரத்தில் கடலில் ஒரு படகு கரையைப் பார்த்துத் திரும்புகிறது.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை.

மரியதாசனின் கைலி அது. நீலக் கட்டம். செசிலியின் உள்ளங்கை எரிந்தது, பதினெட்டு வருடத்துக்கு முன் எரிந்த மாதிரியே. அன்றைக்குக் கடலுக்குள் நீளும் கல்லணையான தூண்டில் வளைவுக்குப் பக்கத்து ஷெட்டில் போலீஸ் காத்திருந்தது. துணி விழுந்தால் ஆள் மேலே. போட்ட துணியை இந்தச் சனியன் எடுத்துவிட்டது. அடிக்காமல் என்ன செய்ய? அடித்தாள், மறந்தாள். வாங்கியவள் மறப்பாள் என்றும் நினைத்தாள். பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவளையும் இளப்பமாகத்தான் நினைத்தாள்.

ராஜமணி பேசினான். வருடத்துக்கு நாலு வார்த்தை என்று சொன்னேனே, அதில் ஒன்றைச் செலவழித்தான்.

"இது ஆரு சொல்லித் தந்தது மக்கா?"

எபிசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளைமனதாகச் சொன்னான். அபினா சின்ன வயதில் வாங்கிய அடியைப் பற்றி ஒருநாள் சொன்னாளாம். கொடியில் கிடந்த துணியை எடுத்ததற்கு அம்மா அறைந்தாளாம், ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லையாம். அது அவன் மனதில் நின்றுவிட்டது, அதை வைத்து இந்தக் கட்டத்தைச் செய்தான்.

"அந்த ரொட்டிக்காரி?"

"அத நான் யோசிச்சது இல்ல சித்தப்பா. அபினாதான் அப்படி ஒருத்திய சேக்கணும்ணு ஒத்தக்கால்ல நின்னா."

செசிலி மகளைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த அபினா அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. விளையாட்டை எடுத்துவரச் சொன்னபோது அவள் உற்றுப் பார்த்த பார்வை செசிலிக்கு இப்போது நினைவுக்கு வந்தது. விளையாடத் தெரியாதவள்போல அடுத்தடுத்து இரண்டு ஆளைப் பறிகொடுத்ததும், முதலில் இருந்து தொடங்கு என்றதும் மறுபேச்சில்லாமல் தொடங்கியதும் நினைவுக்கு வந்தன. வாயைப் பிடுங்க வேறு வலையே வேண்டாம், அம்மாவுக்கு அடுத்தவனை மடையன் என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்தால் போதும். பெற்ற மகளுக்கு அது தெரியாதா?

"அண்ணைக்கு நான் மேல இருந்து பாத்தேன்" என்றான் ராஜமணி. குரல் உயரவில்லை. வலைத்துண்டை மடித்துக்கொண்டே பேசினான். "கொடியில அண்ணனுக்க கைலி கெடந்துது, அபினா முத்தத்துல அழுதுட்டு நிண்ணா. ஏன் அழுகாண்ணு நினைச்சேன். பின்ன படியில பூட்ஸ் சத்தம் கேட்டுது. அதுக்குப் பொறவு நினைக்க நேரமில்லாம போச்சு."

 எதிர்ச் சாரியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மைனி. அந்தக் கைலி நனஞ்சிருந்துதா?"

செசிலிக்கு ஆயிரம் பதில் தெரியும். விளையாட்டையும் உண்மையையும் போட்டுக் குழப்பாதே என்று சொல்லலாம். உன் அண்ணன் பஹ்ரைன் போனதால்தான் உன் கேஸுக்கு வக்கீல் வைக்க முடிந்தது என்று சொல்லலாம். குளித்துவிட்டு அவிழ்த்துப்போட்ட கைலி, நனைந்துதான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள்.

"காஞ்சுதான் இருந்திச்சு சித்தப்பா" என்றாள் அபினா. "பெட்டியில இருந்து எடுத்த துணி. மடிப்புகூட கலையல்ல. எனக்கு நர்சிங் படிக்கப் போன பொறவுதான் அது என்னண்ணு புரிஞ்சுது. சொல்ல தைரியம் வரல்ல. அப்பா உயிரோட இருந்தாவ."

ஊரில் ஒருவரையும் மதிக்காத செசிலிக்குத் தன்னைப் பார்த்து இளப்பம் வந்தது இதுவே முதல் தடவை. துரோகம் செய்ததற்காக வந்ததா என்றால், இல்லை, அந்த அளவுக்கு அவள் இன்னும் இறங்கி வரவில்லை. போலீஸ் வாங்காத வாக்குமூலத்தை, சாமியார் வாங்காத பாவசங்கீர்த்தனத்தை, ஒரு விளையாட்டில் கெட்டிக்காரி என்று பேர் வாங்குவதற்காகத் தானே உளறிக் கொட்டினோமே என்று வந்தது. அவள் ஆயுசு முழுக்கச் சிரித்த மடையர்களில் ஒருவர்கூட இத்தனை பெரிய மடத்தனம் செய்ததில்லை.

ராஜமணி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். எபிசன் தாங்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தான். போகிற போக்கில் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

செசிலி பதறி எழுந்தாள். சபையில் சொல்லிவிடுவானோ? அன்பியத் தலைவி, முதல் வரிசை, மாடி வீடு எல்லாம் கண்முன்னே ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. இத்தனை நாள் நிறுத்தப் பார்த்த கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் இப்போது கெஞ்ச முடிந்தது.

"ராஜமணி, அடுத்த ஞாயிறு மூணாவது ஓலை. பிள்ளைக்க வாழ்க்கையாக்கும். நீ கோயிலுக்கு வருவியா?"

"வருவேன் மைனி" என்றான் அவன், செருப்பை மாட்டியபடி. "எனக்கும் ஒரு ஓலை பாக்கி கெடக்கு."

வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினான். அவன் வீடு இடது பக்கம். அவன் வலது பக்கம் திரும்பினான். காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு வீடாகக் கடந்து போவதை செசிலி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெயிலுக்குத் தெருவில் ஆள் இல்லை. முதல் வீடு, இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு.

தையல் மிஷின் சத்தம் நின்றது.